கழுவும் நீர்

பஞ்சிகாவத்தையிலிருந்து ஃபலீல் நானா
பழைய பற்றரித் தகடுகளைச்
சீனிப் பையில் சுற்றி அனுப்புவார்.
நூற்றுக்கு எத்தனை ஈயம் என்று
தெமட்டகொடை ஆய்வுகூடத்தில் நாங்கள் சொல்ல வேண்டும்.
எங்கள் எண்ணில்தான் அவருக்கு விலை.

நைத்திரிக்கமிலத்தில் தகட்டைக் கரைத்து
சல்பூரிக்கமிலம் விட,
பால்மா கொட்டுண்டது போல
முகவையின் அடியில் இறங்கும் ஈயச் சல்பேற்று.
வடிதாளில் ஏந்தி அதைக் கழுவ வேண்டும்.
இங்கேதான் எல்லாரும் பிழைவிடுவது.

திலினி வந்து இரண்டாம் கிழமை.
சுத்தமாய் இருக்கட்டும் என்று
காய்ச்சி வடித்த நீரை
மூன்று தரம், நாலு தரம், தாராளமாய் ஊற்றினாள்.
அடுத்த நாள் தொலைபேசியில் நானா:
"என்ட ஈயம் எங்க புள்ள போன?"
"தண்ணியில போச்சு நானா."
"ஈயம் தண்ணியில கரையுமா? யாருக்குக் கத சொல்ற?"

கரையும் நானா.
கொஞ்சமாய்க் கரைவது, கூடக் கரைவது,
இந்த இரண்டு வகைதான் உண்டு.
ஒன்றுமே இல்லாத தண்ணீர் இருக்கிறதே,
அதற்குத்தான் பசி அதிகம்.
அதனால் நாங்கள் கழுவுவது
சல்பூரிக்கமிலம் சில துளி விட்ட நீரில்.
அதற்குள் சல்பேற்று முன்னமே நெருக்கியடித்து நிற்கும்.
வெளியே போகப் பார்க்கிற ஈயத்தைக்
கையைப் பிடித்து
திரும்பக் கொண்டுவந்து இருத்திவிடும்.

நானும் ஒரு வருஷம் மஹரகமயில் இருந்தேன்.
நூற்று முப்பத்தெட்டில் ஏறினால்
இறங்கும்வரை காதில் ஒரு தமிழ்ச் சொல் விழாது.
வீட்டுக்கார சோமலதா அன்ரி நல்லவர்,
முதலாந்திகதியில் கிரிபத் தருவார்.
இன்பவதனி அவர் வாயில்
வதனியாகி, வதீயாகி,
கடைசியில் வெறும் நங்கி.
நோகவில்லை. அதுதான் விஷயம்.
ஆறாம் மாதம் அம்மா கேட்டா:
"ஏன் பிள்ளை 'சரி'க்கு 'ஹரி' எண்டுறாய்?"
சொன்னது எனக்கே தெரியாது.

பிறகு வெள்ளவத்தை.
ஒரு மாடிவீட்டில் ஆறு பேர்.
மீன் சந்தையில் தமிழ், லிஃப்டுக்குள் தமிழ்,
தண்டவாளத்தில் ஏறி நின்று
கடலுக்கு ஏசுகிறவனின் ஏச்சிலும் தமிழ்.
மூன்றே மாதத்தில் திரும்பத் திண்மமானேன்,
முழுப் பெயரோடு,
கூர் விளிம்புகளோடு.

பாடப் புத்தகம் இதோடு நிறுத்திவிடும்.

ஒரு நாள் அவசரத்தில்
ஐதான போத்தல் என்று நினைத்து
முகவையில் மிஞ்சியிருந்த வெள்ளையின் மேல்
செறிந்த அமிலத்தையே ஊற்றிவிட்டேன்.
வெள்ளை மெல்ல மெல்லத் தெளிந்துபோனது.
சல்பேற்று அளவு கடந்தால்
ஈயம் ஐதரசனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு
வேறொரு உருவில் கழன்றுவிடும்.

"எந்த ஊர்? எந்தக் கோயிலடி?
அப்பான்ர தகப்பன் ஆர்?"
நாலாம் மாடி வருமுன்னே
மூன்று கேள்வியும் முடிந்துவிடும்.
சனிக்கிழமை பின்னேரம்
தெஹிவளைக் கடற்கரையில் கூட நடக்கிறவனுக்கு
நான் வதீ.
அவன் தானாக ஒரு சோமவதியையோ லீலாவதியையோ
முன்னால் ஒட்டிக்கொண்டான்.
நான் திருத்தவில்லை.

இன்று காலை நானாவின் புதுத் தகடு.
நானே கழுவினேன், சரியான நீரில்.
நாலாம் தசமதானம் காட்டுகிற தராசில்
அப்படியும் ஒரு துளி குறைகிறது.
'வழு' என்ற கட்டத்துக்குள் அதை எழுதி
திலினியிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.
"ஹரித?" என்று கேட்டாள்.
நான் பதில் சொன்னேன்.
ஹகரமா சகரமா என்று
மின்விசிறி இரைச்சலில்
எனக்கே சரியாய்க் கேட்கவில்லை.